கங்காணியாரின் எதிர்க்கட்சி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஹட்டனில் சுதந்திர மலர் ஒன்று போடுகிற நண்பர் 'குடியாட்சியின் மாண்பு' என்று தலைப்பைத் தாமே வைத்து, அதை அச்சுக்கும் கொடுத்துவிட்டு, கீழே நிரப்ப நாலு பக்கம் வேண்டுமென்று என்னிடம் வந்தார். முதலில் தலைப்பு, பிறகு விஷயம். நம் இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் என்பதால் நான் மறுக்கவில்லை.

தொடங்கிப் பார்த்தேன்.

பண்டைய கிரேக்க தேசத்தின் ஏதென்ஸ் நகரிலே மக்கள் யாவரும் ஒன்றுகூடி

(யாவரும் இல்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே வாக்குக் கிடையாது. மாண்பு முதல் வரியிலேயே நொண்டியது.)

குடியாட்சி என்பது யாதெனின்

(எனக்கே கொட்டாவி வந்தது.)

நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். ஐம்பத்திரண்டாம் ஆண்டுத் தேர்தலிலோ அவர்களுடைய பெயர்கள்

(இதை முடித்தால் மலர் வெளிவராது.)

அந்த வாரம் நோர்வூட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்க தோட்டத்துல புருசன் தலைவரு, பொஞ்சாதி எதிர்க்கட்சி. நாங்க நடுவுல." பஸ் வந்தது. அவர்கள் ஏறிவிட்டார்கள், எனக்கு இடம் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியந்தான். கீழே வருவதெல்லாம் அதன்மேல் நானாகக் கட்டியது. இடிந்தால் பொறுப்பு என்னுடையது.

2

மூக்குப்பாறைத் தேயிலைத் தோட்டத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில் உங்களுக்குப் பிடித்த மலையொன்றில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு லயம், கீழே ஒரு லயம்: தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள். மேல்லயத்தாருக்கு மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர். அவர்கள் அதில் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவியபின் அந்தத் தண்ணீர் ஓடையாக இறங்கிக் கீழ்லயத்தாருக்குக் குடிதண்ணீர் ஆகிறது. (கட்டுரையாயிருந்தால் இதற்குப் பொருளாதாரம் என்று பெயர் கொடுத்திருப்பேன்.)

தோட்டத்துக்கு ஒரு பொதுக்கமிட்டி உண்டு. கோயில் திருவிழா, சாவு வீட்டுக் காரியம், துரையிடம் போய்த் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டியவை எல்லாம் அதன் பொறுப்பு. தலைவர் நல்லமுத்துக் கங்காணி. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கோட்டுப் பையில் மூடியில்லாத பேனா.*

* மூடி மட்டுமல்ல, மையும் இல்லை. ஆனால் பேனாவைக் கண்டால் ஆட்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

கமிட்டிக்கு அமைப்புச் சட்டம் எழுதியவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்தவர். நாடே சட்டம் எழுதிக்கொண்டிருந்த நாற்பத்தேழில் அவருக்கும் கை அரித்தது. சட்டத்தைவிட முகவுரை நீளம். ஆனால் உள்ளே ஒரு நல்ல விஷயம் இருந்தது: லயத்தில் வாழும் வயதுவந்த ஆண், பெண் எல்லாருக்கும் ஆளுக்கொரு வாக்கு.

எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல். கடதாசியில் எழுதலாமென்றால் பலருக்கு எழுத்துத் தெரியாது. கையைத் தூக்கலாமென்றால், தூக்கின கை யாருடையது என்று கங்காணி மறுநாள் பெரட்டில் ஞாபகம் வைத்திருப்பார். கடைசியில் இப்படி முடிவாயிற்று: பெரட்டுக்களத்தில் சாக்குத் திரை கட்டி, அதற்குள் வேட்பாளருக்கு ஒன்றாகக் கொழுந்துக் கூடைகளை வைப்பது. ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிப் பச்சைக் கொழுந்தோடு தனியாக உள்ளே போய், பிடித்தவர் கூடையில் போட்டுவிட்டு வருவது. பிறகு கூடைகளைத் தராசில் மாட்டி நிறுப்பது. கனமான கூடைக்காரர் தலைவர்.

ஏன் எண்ணவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வாத்தியாரும் கேட்டார். இந்தத் தோட்டத்தில் எண்ணிச் சொன்னதை யாரும் நம்பியதில்லை என்றார்கள். நிறுத்துச் சொன்னதையும் நம்பியதில்லை, ஆனால் அதில் சண்டைபிடிக்க ஒரு தராசாவது இருக்கிறது.

3

(இந்த இடத்தில் கதை கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். செலவைக் குறைக்க ஒரே பத்தியில் போய் வருகிறேன்.)

கொழும்பில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் தேர்தல் சட்டம் வந்தது. எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பில் ஒரு வேலி இருந்தது உண்மைதான். புதுச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று பொதுவாக, மிக மரியாதையாகத்தான் விசாரித்தது. வேலிக்கு ஒரு கீறலும் இல்லை. உள்ளே இருந்த, பாட்டன் இந்தியாவில் பிறந்த தோட்டத்து ஆட்களை மட்டும் காணவில்லை.

வாத்தியார் பத்திரிகையை உரக்க வாசித்தபோது நல்லமுத்துக் கங்காணிக்கு வந்த கோபத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. இது அநியாயம் என்றார், நாடு நாசமாய்ப் போகும் என்றார், தலைப்பாகையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொருமுறை.

அழுதுகொண்டே பாடம் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஐம்பத்திரண்டில் புதுத் துரை ஒரு தண்ணீர்ப் பைப் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்று. கமிட்டி காட்டுகிற இடத்தில் போடப்படும். கீழ்லயத்தில் தலைகள் அதிகம். அவர்கள் கைப்பிடிக் கொழுந்தைக் கொண்டுவந்து போட்டால் தலைவரும் மாறுவார், பைப்பும் கீழே இறங்கும். கங்காணி தமது வாசற்படிக்கு நேர் எதிரே ஏற்கெனவே ஒரு முளைக்குச்சி அடித்துவைத்திருந்தார்.

ஆகவே கமிட்டிச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது: பழைய துரை காலத்திலேயே இந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்த குடும்பத்தாருக்கு மட்டுமே வாக்கு. கீழ்லயத்தார் எல்லாரும் புதுத் துரை காலத்தில் ஆற்றோரத் தோட்டமொன்று மூடப்பட்டு இங்கே வந்தவர்கள். திருத்தத்தில் 'கீழ்லயம்' என்ற சொல்லே கிடையாது. மிக நாகரிகமான திருத்தம். கீழ்லயத்து ஆட்களைத் தூர மலைக்குப் பிரித்து அனுப்பிய ஒரு நாளில் முறைப்படி கூட்டம் கூட்டி, முறைப்படி நிறைவேற்றப்பட்டது.

வாத்தியார் சட்டத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சட்டப்படி சரிதான், கங்காணியார். சரியோ எண்டு கேட்டால், அதுக்கு நான் பிரிவு எழுதேல்லை."

4

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. வாக்கில்லாத கீழ்லயத்தார் தேர்தலில் நிற்க முடியாது. மேல்லயத்தில் நிற்க யாருக்கும் துணிவில்லை. போட்டியில்லாத தேர்தல் செல்லாது என்று வாத்தியார் முன்பே எழுதித் தொலைத்திருந்தார். கங்காணி ஒருநாள் முழுவதும் யோசித்தார். எதிர்க்கட்சி வேண்டும், ஆனால் நம்பிக்கையான எதிர்க்கட்சியாக வேண்டும். தாம் சொன்னால் நிற்கவேண்டும், தாம் சொன்னபடி தோற்கவேண்டும்.

வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள்.

அம்மாக்கண்ணு அவருடைய மனைவி. கங்காணி பெண்சாதியானாலும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவள். அவளிடம் கங்காணி விளக்கினார்: நீ பேருக்கு நிற்கிறாய், நான் ஜெயிக்கிறேன், அதுதான் ஜனநாயகம். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நின்னா எனக்கு என்ன கெடைக்கும்?"

"எதிர்க்கட்சித் தலைவின்னு மரியாதை."

"எதிர்க்கட்சியாத்தான் உங்க வீட்டுல இருபது வருசமா இருக்கேனே" என்றாள்.

(இந்த உரையாடலை நான் எங்கும் கேட்கவில்லை. ஆனால் இது நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.)

5

இப்போது ராக்காயி.

இவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் இவளை மிக நல்லவளாக எழுதிவிட்டேன். கீழ்லயத்துக்காரி. ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றோட்டம் கண்ட கடைசிப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தவள். பிள்ளை பிழைத்தது. தண்ணீரை மாற்றினால்தான் இனியும் பிழைக்கும் என்று அங்கே சொல்லியனுப்பினார்கள். ஆகவே அவளுக்கு அந்தப் பைப் வேண்டும், அதற்கு முதலில் கங்காணி இறங்கவேண்டும். குடியாட்சி வேண்டுமா என்று நான் கேட்டிருந்தால், அது எத்தனை அங்குலக் குழாய் என்று கேட்டிருப்பாள்.

இப்படிப்பட்டவளைக் கண்ணீரோடு எழுதுவது சுலபம். நண்பரின் மலரில் பூ வரைந்த கட்டத்துக்குள் போட்டுவிடுவார்கள். ஆகவே இவளுக்கு ஒரு குற்றம் கொடுக்கலாமென்று

ராக்காயி விறகு திருடுகிற

(விறகு எல்லாருந்தான் எடுக்கிறார்கள். அது குற்றமல்ல, சமையல்.)

சரி, இதுதான் அவள் குற்றம்: பொய் சொன்னாள். தாராளமாகச் சொன்னாள்.

கொழுந்து எடுக்கும்போது பெண்கள் பக்கத்துப் பக்கத்து நிரையில் நகர்ந்துபோவார்கள். மேல்லயம், கீழ்லயம் என்று தேயிலைச் செடிக்குத் தெரியாது. ராக்காயிக்கு வாக்கு இல்லை, ஆனால் நிரை இருந்தது, வாயும் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மேல்லயத்துக்காரியின் பக்கத்தில் நிரை பிடித்தாள். காளியாயியிடம், உன் குழம்பு நாற்றம் லயத்தையே தூக்குகிறது என்று கங்காணி ஊர்முழுக்கச் சொன்னதாகச் சொன்னாள். இன்னொருத்தியிடம், உன் மகன் மூக்கைப் பார்த்துக் கங்காணி சிரித்ததாகச் சொன்னாள். ஒரு பெரிய கட்சி ஒரு மாதம் அச்சடித்துப் பரப்புகிற பொய்யை இவள் ஒற்றை ஆளாக, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே பரப்பினாள்.

கடைசியாக அம்மாக்கண்ணுவின் பக்கத்து நிரைக்கு வந்தாள். அங்கே மட்டும் பொய் சொல்லவில்லை.

"அக்கா, பேருக்கு நிக்கிறீங்களாம். நெசமா நின்னா என்ன?"

அம்மாக்கண்ணு ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போனாள். பிறகு, "நெசமா நின்னா சோறு யாரு ஆக்குவா?" என்று கேட்டாள்.

"தலைவருங்க வீட்டுல சோறு நிக்காதுக்கா. இப்பப் பாக்குறோம்ல."

அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள். சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. ராக்காயி அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு எல்லா நிரையிலும் போய்ச் சொன்னாள். இரண்டாவது குற்றம்.

6

ஓர் ஓட்டை. கவனமுள்ள வாசகர் கண்டுபிடித்திருப்பார். கங்காணி ஜெயித்தால் பைப் அவர் வாசலில். அம்மாக்கண்ணு ஜெயித்தாலும் வாசல் அதே வாசல்தானே, மேல்லயத்துப் பெண்கள் ஏன் அவளுக்குப் போடவேண்டும்?

காளியாயியின் விளக்கத்தை அப்படியே தருகிறேன்: "அவரு வாசல்ல பைப்புன்னா கும்புட்டுத் தண்ணி புடிக்கணும். அவ வாசல்ல பைப்புன்னா குந்திப் பேசிக்கிட்டே புடிக்கலாம்."

ஆட்சி மாற்றத்துக்கு இதைவிட நல்ல காரணத்தை நான் படித்ததில்லை.

நாடு முழுதும் தேர்தல் நடந்த அந்த மே மாதத்தில், நாட்டின் தேர்தலில் பெயரில்லாதவர்கள் மூக்குப்பாறைப் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றார்கள். கீழ்லயத்தார் வரிசைக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் களத்துக்கு வரும் வழியில், வெறுங்கையோடு வந்த மேல்லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு கீழ்லயத்துக்காரி தான் கிள்ளிய கொழுந்தைத் திணித்தாள். போடுகிற கை யாருடையது என்றுதான் திருத்தம் கேட்டது. கொழுந்து யார் கிள்ளியது என்று கேட்கவில்லை.

அதோடு, கைப்பிடி என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆண்களுக்குச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திப் பழக்கம், ஒரு பிடி பிடித்தால் பாதி கீழே சிந்தும். கொழுந்துக்காரிகளோ கை நிறைந்து வழியும்வரை விரலிடுக்கில் அடுக்கி, பிறகே முதுகுக் கூடையில் எறிகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருத்தியும் திரைக்குள் போனபோது கையில் ஒரு சிறு செடியே இருந்தது.

இது கையா கூடையா என்று கங்காணி ஆட்சேபித்தார். வாத்தியார் சட்டத்தைப் புரட்டினார். அவருக்கும் அந்த ஒருநாள் மட்டும் புரட்டுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. "கையின்ரை அளவு எழுதேல்லை, கங்காணியார். திருத்தம் கொண்டுவரலாம். அடுத்த வருஷம்."

கணக்கப்பிள்ளை தம்பிராசா கூடைகளைத் தராசில் மாட்டினார். பெண்ணுடைய கூடை கொக்கியில் ஏறினால் ஈரத்துக்கும் கூடைக்குமென்று கொஞ்சம் கழிப்பது அவர் கைக்கு வழக்கமாகிவிட்டது. அன்றும் அம்மாக்கண்ணு கூடையில் கழித்தார். கங்காணி கூடையில் கழிக்க அவருக்குத் தோன்றவேயில்லை. கழித்த பிறகும் அம்மாக்கண்ணு கூடைதான் கனத்து நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். கங்காணி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தம் மனைவிக்கு வணக்கம் சொன்னார். வேறு வழி தெரியவில்லை.

7

கதையை இங்கே முடிப்பதுதான் புத்திசாலித்தனம். வில்லன் தோற்றான், சனம் ஜெயித்தது. ஆனால் பைப் இன்னும் துரையின் ஸ்டோரில் கிடக்கிறது.

மறுநாளே ராக்காயி புதுத் தலைவியிடம் போனாள். திருத்தத்தை எடுத்துவிடுங்கள், எங்களுக்கும் வாக்கு வரட்டும், பைப் எங்கே என்று எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும் என்றாள். அம்மாக்கண்ணு கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"பொறுடி" என்றாள். "இப்பத்தான ஒக்காந்தேன்."

இந்த வாக்கியத்தை அழிக்க எவ்வளவோ முயன்றேன். அவள் விடவில்லை.

முடிவு அ: சில நாளில் அம்மாக்கண்ணு மனம் உருகித் திருத்தத்தை நீக்குகிறாள். பைப் கீழே வருகிறது. வாத்தியார் முகவுரையை வாசிக்கிறார். எல்லாரும் (நண்பரின் மலருக்கு ஏற்றது. தண்ணீர் வராத பைப்புக்கு மாலை போட்ட படமும் கிடைக்கும்.)

முடிவு ஆ: அம்மாக்கண்ணுவும் ஒரு கோட்டுத் தைத்துக்கொள்கிறாள். (இது கொழும்பில் சாய்வு நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். இந்தச் சனத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டு இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்கலாம்.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். சில வாரம் எதுவுமே நடக்கவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: தோற்ற நாளிலிருந்து நல்லமுத்துவுக்கு அமைப்புச் சட்டத்தின்மேல் பக்தி பிறந்தது. வாக்கு என்பது புனிதமானது என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார். வீட்டில் ஆளும்கட்சி ஆக்கிப்போட்டதை எதிர்க்கட்சி சாப்பிட்டது. உப்புப் போதாதென்று ஒரு கண்டனம் தெரிவித்ததோடு சரி.

பிறகு ஒரு மழைக்காலைப் பெரட்டில் ராக்காயியைக் காணவில்லை. களத்தின் விளிம்பிலிருந்து பார்த்தால் டிக்கோயா ரோடு தெரியும். மழைக்குச் சாக்கைத் தலையிலிருந்து கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முதுகில் பிள்ளையோடு அவள் நடந்துகொண்டிருந்தாள். அதே பிள்ளை, அதே வயிறு. அம்மாக்கண்ணு அவள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று கொழுந்து நிறுத்த பிறகு, யாரையும் கேட்காமல், அடுத்த ஞாயிறு கூட்டம் என்றாள்.

8

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக்களம். சாக்குத் திரைக்குள் இரண்டு கூடைகள். வலப்பக்கக் கூடை கனத்தால் திருத்தம் போகும், கீழ்லயத்துக்கு வாக்கு வரும், அவர்களுக்குத் தலை அதிகமாகையால் பைப்பும் கீழே இறங்கும். இடப்பக்கக் கூடை கனத்தால் எல்லாம் இருந்தபடி இருக்கும், பைப் மேல்லயத்து வாசலுக்கு வரும். இதைத் தீர்மானிக்க வாக்குள்ளவர்கள் மேல்லயத்தார் மட்டுமே. தங்கள் வாசலுக்கு வருகிற தண்ணீரைத் தாங்களே கீழே அனுப்பவேண்டும். வேறு யாரும் அனுப்ப முடியாது. சட்டப்படி.

கங்காணியைத் தோற்கடிக்க இவர்கள் ஓடி வந்தார்கள். இன்று ஓடி வரவில்லை, நடந்து வந்தார்கள். கையில் கொழுந்து திணிக்கக் கீழ்லயத்துப் பெண்கள் யாரும் வழியில் நிற்கவில்லை. அம்மாக்கண்ணு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவரவர் கொழுந்து, அவரவர் கை. காளியாயி திரைக்குள் போய் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நல்லமுத்து போனார். புனிதமானதை எந்தக் கூடையில் போட்டாரென்று எனக்கும் சொல்லவில்லை. அம்மாக்கண்ணு உள்ளே போய் நெடுநேரம் நின்றாள். அவளுக்கும் அந்த வாசல்தானே.

நான் முடிவு எழுதப்போவதில்லை. எனக்கு இந்தத் தோட்டத்தில் பெயர் பதிவு இல்லை. உங்களுக்கு இருக்கிறது, நான்தான் பதிந்தேன். மேல்லயம், கடைசிக் காம்பரா. இவ்வளவு நேரம் சும்மா இருந்து கதை கேட்டீர்களே, அதற்காக. பதிவு முறைப்படியானது, ஆட்சேபிக்க முடியாது.

அடுத்தது நீங்கள்.

சாக்கை விலக்கி உள்ளே போங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள், நானும் பார்க்கமாட்டேன். கூடைகள் இரண்டும் பாதி நிறைந்திருக்கின்றன, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் கைக்குள் கொழுந்து சூடேறிக்கொண்டிருக்கிறது.

திரைக்கு வெளியே, வரிசையில் இடமில்லாத ஒருத்தி நிற்கிறாள். அவள் குரல் மட்டும் உள்ளே வருகிறது.

"போடுறதுன்னா போட்டுட்டு வாங்க. புள்ளைய ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து நிக்கிறேன்."